ஆள் சேராத வள்ளம்

"அழிச்சால் பிறகு எடுக்க ஏலாது, ஜக்சன் அண்ணா. இன்னொருக்கா யோசியுங்கோ."

கூட வேலை செய்யும் நிலுஷா கெஞ்சினாள். ஜக்சன் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏழு மாசமா யோசிச்சிட்டன். புதுசா ஒரு ஆளாவது வந்ததோ?"

திருகோணமலைத் துறைமுகத்தடியில், ஒரு கடையின் மாடி அறையில் இரண்டு கதிரைகளோடு தொடங்கியதுதான் 'வள்ளம்'. இணையத்தளம் கட்டுகிறவர்களுக்கு அடித்தளமாக ஆயத்தமாய் எழுதிவைத்த நிரல், சட்டகம் அது. எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம். நிரலை எழுதியவன் ஜக்சன். ஆட்களைச் சேர்த்தவன் கிண்ணியா ஊர்க்காரன் றிகாஸ். இணைய மன்றத்தில் யார் என்ன கேட்டாலும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் எழுதுவான். மோட்டார் சைக்கிள் விபத்தில் அவன் போய் ஏழு மாதம். அதோடு புது ஆட்கள் வருவதும் அடியோடு நின்றுவிட்டது.

ஜக்சன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மட்டக்களப்பு, வவுனியா, மன்னார் என்று பஸ் ஏறி, மாணவர்களைக் கூட்டி வகுப்பு எடுத்தான். தொண்டை கட்டும்வரை கதைத்தான்.

"முன்னுக்கு நிண்டு தலையாட்டுவாங்கள். 'இண்டைக்கே சேருறம் சேர்' எண்டுவாங்கள். ஒருத்தன் வந்தவனோ? உள்ளூர் மாடு விலை போகாது, நிலுஷா."

"றிகாஸ் அண்ணா இருந்திருந்தால்..."

"அவன் இல்லை. அவனோட கதை முடிஞ்சுது."

திங்கட்கிழமை முதல் அவனுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. ஆறு வருட உழைப்பை இப்படிக் கைகழுவ அவனுக்கு மனம் வரவில்லைதான். ஆனால் எவருமே தேடாத ஒன்றை எத்தனை நாள் கட்டி அழுவது? கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினான். மன்றம், அங்கத்தவர் பதிவு, கேள்வி பதில் எல்லாம் ஒரு நிமிடத்தில் அழிந்து போயின. நிலுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. றிகாஸின் தங்கை அம்ரா வந்து நின்றாள். கையில் ஒரு போன்.

"ஒரு உதவி, ஜக்சன் அண்ணா. இது றிகாஸ் நானாட போன். நானா மௌத்தான நாள்ல இருந்து இத அணைக்க உம்மா விடுறா இல்ல. சார்ஜ் போட்டுப் பக்கத்திலயே வெச்சிருக்கிறா. உங்கட வள்ளத்தில இருந்து மெசேஜ் வந்துகொண்டே இருக்கு. ஒவ்வொருக்காவும் சத்தம் கேட்டதும், 'எண்ட புள்ளயத் தேடுறாங்க'ண்டு அழுறா. நிப்பாட்ட ஏலுமா?"

"இனி வராது, தங்கச்சி. இப்பதான் எல்லாத்தையும் அழிச்சனான்" என்றவன் நெற்றியைச் சுருக்கினான். "மெசேஜோ? என்ன மெசேஜ்?"

போனை வாங்கி மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். விளம்பரக்காரரின் தொல்லை தாங்காமல், புதிதாகச் சேருகிறவர்களைத் தானே பார்த்து உள்ளே விடும்படி றிகாஸ் ஒரு பூட்டுப் போட்டிருந்தான். சேரக் கேட்கிறவர்களின் மெசேஜ் அவனுடைய போனுக்கு மட்டுமே வரும்; அவர்களுக்கு, 'கொஞ்சம் பொறுங்கோ, கூப்பிடுறம்' என்று பதில் தானாகப் போகும். அவன் இருந்தவரை எவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்ததில்லை. அதனால் அப்படியொரு பூட்டு இருப்பதே ஜக்சனுக்குத் தெரியாது.

கடைசி மெசேஜ் பத்து நிமிடத்துக்கு முன்னால் வந்திருந்தது.

'சேர், மன்னார் வகுப்புக்கு வந்தனாங்கள். அஞ்சாம் தரமாக் கேக்கிறம், எங்களை உள்ள விடுங்கோ.' அதன் கீழே: 'அனுமதிக்காகக் காத்திருப்போர்: 412.'