முப்பது கேள்விப் பொருத்தம்

"கறுப்பு ஆடு இந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கு" என்று சொல்லி, காபிக் கெட்டிலை மேஜைமேல் டங்கென்று வைத்தாள் ஹெல்வி.

நகராட்சித் தேர்தலில் அவள் கணவர் ஆர்வோ ஒரே ஒரு ஓட்டில் தோற்றிருந்தார். எதிர்த்து நின்ற கைசாவுக்கு 212, இவருக்கு 211. கூடப்பிறந்த தம்பி ரெய்னோமேல்தான் ஹெல்விக்குச் சந்தேகம். சந்தைத் திடலில் கைசாவின் பிரசாரக் கூடாரத்தில் அவன் பட்டாணி சூப் குடித்ததை ஊரே பார்த்திருந்தது.

"சூப் அவங்களுது. ஓட்டு மாமாவுக்குத்தான் போட்டேன். நம்பினா நம்பு அக்கா" என்றான் அவன்.

அவள் நம்பவில்லை. பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்? உள்ளூர்ப் பத்திரிகை இணையத்தில் முப்பது கேள்விகள் வைத்திருந்தது. வேட்பாளரும் பதில் சொல்லவேண்டும், வாக்காளரும் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல, யாருக்கு யார் பொருத்தம் என்று அது சதவீதம் போட்டுக் காட்டிவிடும்.

ஆர்வோவின் பதில்களை ஹெல்வியே எழுதினாள். ஊர் முகநூல் குழுவில் எதற்கு லைக் அதிகமோ, அதுதான் ஆர்வோவின் கொள்கை. "நூலகத்தை மூடிட்டு ஹாக்கி அரங்கமா? எனக்கு அதுல..." என்று அவர் இழுத்தார். "நீங்க நினைக்கிறது யாருக்கு வேணும்? சும்மா இருங்க" என்று அடக்கிவிட்டாள்.

அடுத்து ஒரு வீடியோ. ஹெல்சின்கி விளம்பரக்காரனுக்குக்கூட இப்படித் தோன்றியிருக்காது என்று அவளுக்குப் பெருமை. "மூஞ்சியைப் பாக்காதீங்க, கட்சியைப் பாக்காதீங்க. முப்பது கேள்விக்கும் மனசாட்சிப்படி பதில் சொல்லுங்க. யார் பேர் வருதோ, கண்ணை மூடிட்டு அவங்களுக்கே போடுங்க" என்று ஆர்வோ பேசியதை நாலாயிரம் பேர் பார்த்தார்கள். இருபது தடவை ஒத்திகை பார்த்ததில் வசனம் அவருக்கே மனப்பாடமாகியிருந்தது.

"அந்த ஒரு ஓட்டு மாறாம இருந்தா நாம ஜெயிச்சிருப்போம். சத்தியம் பண்ணுடா" என்று தம்பியை நெருக்கினாள் ஹெல்வி.

ரெய்னோ கடித்த ஏலக்காய் பன்னைத் தட்டில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டினான். பாவம், கண் கலங்கிவிட்டது. இனி இந்த வாசல்படி மிதிக்கமாட்டேன் என்றான்.

மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஆர்வோ தொண்டையைக் கனைத்தார்.

"அவனை விடு ஹெல்வி. எனக்குக் கைசா பேர்தான் வந்துச்சு."