குனிந்த தலை

பாலக்கோட்டு டாக்டர் பிரியதர்ஷினியின் கழுத்தை அழுத்திப் பார்த்தார். "எந்நேரமும் போன்ல குனிஞ்சிருப்பியாம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் மாமியார் ராணியம்மாள் முந்திக்கொண்டார். "எங்க மருமவ போனைத் தொடவே மாட்டாளுங்க. கண்ணாலம் ஆன நாள்லருந்து எங்க முன்னாடி தலை நிமிந்து பேசுனதே இல்லைங்க. அவ்ளோ மரியாதை!"

"அந்த மரியாதைதான் கழுத்தைப் புடிச்சிருக்கு. தலை குனியக் குனிய பாரமெல்லாம் கழுத்துச் சதையிலயும் தோள்லயும்தான் ஏறும். நிமிந்து இருக்கச் சொல்லுங்க."

பஸ்ஸில் ராணியம்மாள் கண்டிப்பாகச் சொன்னார். "இனிமே எனக்கு மரியாதையே வேணாம் கண்ணு. மூஞ்சியப் பாத்துப் பேசு."

மறுநாள் தக்காளி மண்டியிலிருந்து சீக்கிரமே திரும்பிய ராணியம்மாள், இரண்டு காலித் தக்காளிப் பெட்டிகளை மருமகள் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"எதுக்குங்க அத்தை?"

"போனை இதுமேல வெச்சு போலீஸ் பரீட்சைக்குப் படி. மடியில மறைச்சு வெச்சுப் படிச்சா கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

பிரியதர்ஷினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்ங்க?"

"போன்ல பாடம் நடத்துற வாத்தியார் குரல் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். ஆளே இல்லாத வூட்டுல நீ யாருக்குடி அவ்ளோ மரியாதை குடுத்துட்டு இருந்த?"