டானி

இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் அவள் புருஷன் சாகக் கிடந்தான்.

கதையில் அவனுக்கு மணி என்று பெயர். வடக்கத்திக்காரர் எழுதினால் தமிழன் மணியாகத்தான் இருப்பான் போலிருக்கிறது. ஆனால் இடது புருவத்தில் அதே தழும்பு. அதே ஓயாத வாய். லோகநாதனேதான்.

பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை. மதிய இடைவேளை. சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

எழுதியவர் அவனுடைய மேஜர். கமாண்டோ படையிலிருந்து ஓய்வு பெற்றதும் துப்பாக்கியும் துரத்தலுமாக இந்த ஆங்கில நாவலை எழுதியிருந்தார். ஏழு வருஷத்துக்கு முன் சவப்பெட்டியோடு வீட்டுக்கு வந்து, உடனே போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்று சொன்னவரும் அவர்தான்.

பிறகு ஆறுதல் கடிதம் போட்டார். அதில் அவள் பெயரை ஹெச் இல்லாமல் எழுதியிருந்தார். கோமதி, கோமடி ஆகியிருந்தாள். இங்கிலீஷ் டீச்சர் புத்தி, அந்த அழுகையிலும் அது கண்ணில் பட்டது.

புத்தகத்தில் அவன் போக நாற்பது நிமிஷம் ஆனது.

வயிற்றில் குண்டு. பாறை மறைவு. உச்சி வெயில்.

மேஜர் அவன் கையை விடவேயில்லை.

அவனோ ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். டி, ஏ, இரண்டு என், ஐ.

டானி.

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. லீவில் வந்தால் அடுப்படிக்கும் கொல்லைக்கும் அவள் பின்னாலேயே சுற்றியவன். எவள் அவள்? நர்ஸா? பஞ்சாபியா? நல்லா இருய்யா என்று மனசுக்குள் வைதாள். செத்தவனை வைகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் மேஜர் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தார். டானி, நீ எங்கிருந்தாலும் எனக்கு எழுது, உன் பெயரைச் சொல்லித்தான் அவன் போனான், ஏழு வருஷமாக உன்னைத் தேடுகிறேன்.

போனை எடுத்தாள். அந்த முகவரிக்கு, யார் அவள் என்று தட்டினாள்.

கணக்கு டீச்சர் ஸ்டெல்லா கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன டீச்சர், சாப்ட்டுட்டு தண்ணிகூடக் குடிக்காம உக்காந்துருக்கீக?"

அவள் நிமிர்ந்தாள்.

கோமதிக்கே ஹெச் போடாத மனுஷர்.

பழைய பக்கத்துக்கே திருப்பினாள். டி, ஏ, இரண்டு என், ஐ. டி-க்கு அடுத்து ஒரு ஹெச்சைப் போட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

மறுபடி சொன்னாள்.

நாற்பது நிமிஷம்.

அடுத்த பத்தியை ஏற்கெனவே படித்திருந்தாள். இப்போது ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மணியின் கண்களை மூடிவிட்டு, கதாநாயகனான மேஜர் தன் இடுப்பிலிருந்த பாட்டிலைத் திறந்து கையில் இருந்த ரத்தத்தைக் கழுவுகிறான்.

ஸ்டெல்லா ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை.

போனில் இருந்ததை அழித்தாள். அது பெயர் இல்லை, சார் என்று தட்டினாள்.

விரல் நின்றது.

நாற்பது நிமிஷமும் கையை விடாதவர்.

அதையும் அழித்தாள்.

டானி நான்தான் சார். வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

அனுப்பினாள்.

மணி அடித்தது. வகுப்புக்குப் போக வேண்டும். தொண்டை காய்ந்திருந்தது. மேசையிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள்.

குடிக்க முடியவில்லை.