புது ஊசியின் கர்வம்

உறையிலிருந்து வெளியே வந்த புது ஊசிக்குத் தன் கூர்மேல் அப்படியொரு கர்வம்.

"இந்தம்மா இன்னைக்கு அலறப்போறாங்க பாரு!" என்று இன்சுலின் பாட்டிலிடம் சொன்னது.

சகாயமேரி டீச்சரின் உள்ளங்கைகளுக்கு நடுவே பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. டீச்சர் மருந்தை ஊசியில் இழுத்தார், காற்றுக்குமிழைச் சுண்டி விரட்டினார். வயிற்றில் குத்திக்கொண்டே, "தோசை தீயுது, திருப்புங்க!" என்று கணவருக்குக் குரல் கொடுத்தார்.

வேலை முடிந்த ஊசி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விழுந்தது. உள்ளே கழுத்துவரை பழைய ஊசிகள்.

"அடேயப்பா! நீங்கள்லாம் யார் யாருக்குக் குத்தினீங்க?"

"எல்லாருமே டீச்சருக்குத்தான்," என்றது பக்கத்தில் கிடந்த ஊசி. "இதுக்கு முன்னாடி நிறைஞ்சுபோன டப்பாக்கள் எத்தனையோ இருக்காம்."

புது ஊசி தன் கூர்முனையைப் பழைய ஊசிகளுக்கு நடுவே ஒளித்துக்கொண்டது. வெளியே டீச்சர், தோசை நல்ல முறுகல் என்று கணவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.