காதோரக் காந்தம்

"சத்தமாவே பேசு பஷீரா. அவ மெஷினைக் கழட்டி வெச்சிட்டா," என்றான் அக்தர்.

பஷீரா ஃபிரிட்ஜைப் பார்த்தாள். மகள் சோயா காதோரம் மாட்டிக்கொள்ளும் கருவி, அதிலுள்ள காந்தத்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஜோடிக் காந்தம் சோயாவின் தலைக்குள், தோலுக்கு அடியில் இருக்கிறது. ஐந்து வயதில் ஆபரேஷன் செய்து வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தால், முடி காயும்வரை அவள் கருவியை மாட்டமாட்டாள். அதுவரை பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பெற்றவர்களுக்கு அதுவும் ஒரு வசதிதான்.

"இன்னொரு தோசை ஊத்தட்டுமாடி?" அடுப்படியிலிருந்து பஷீரா பழக்கதோஷத்தில் கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் வாப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த சோயா, அம்மாவை நிமிர்ந்து பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அடுப்பை அணைத்துவிட்டு பஷீரா, மேஜையில் அக்தரின் லேப்டாப் பக்கம் வந்தாள். கேளம்பாக்கம் கம்பெனியில் மோட்டார்களுக்குக் கம்ப்யூட்டரில் காந்தக் கோடு வரைந்து பார்ப்பது அக்தரின் வேலை. இன்று மோட்டார் இருக்கவேண்டிய இடத்தில் மகளின் தலை சாம்பல் நிறத்தில் சுழன்றது. ஸ்கேன் மெஷினுக்குள் அந்தத் தலை போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். டாக்டர் சொன்னது தப்பாக இருந்துவிடாதா என்கிற நப்பாசை.

கோடுகள் கிளம்பவேண்டிய இடங்களில் மௌஸால் புள்ளி வைத்தான். தண்டவாளம் போல நேராக வந்த கோடுகள், காதுக்குப் பின்னால் மட்டும் கன்னாபின்னாவென்று வளைந்தன.

"டாக்டர் சொன்னது சரிதான். எம்.ஆர்.ஐ.ல விட்டா உள்ள இருக்கற காந்தத்தைத் திருகி இழுத்துடும். முதல்ல அதை எடுத்தாகணும்."

"எடுத்துட்டா காது?"

"திருப்பி வைக்கற வரைக்கும் கேக்காது."

"ஸ்கேனே வேணாங்க. இப்படியே விட்டுட்டா?"

"மூளையில இருக்கறது என்ன கட்டின்னு எப்படித் தெரியும், பஷீரா?"

"புள்ளகிட்ட என்னன்னு சொல்றது?"

"காது மெஷின்ல சின்ன ரிப்பேர்னு சொல்லு. கட்டின்னு மட்டும் சொல்லிடாத. பயந்துடுவா."

பஷீரா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்து, வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

சோயா எழுந்து அக்தரின் அருகில் வந்தாள். பதிலுக்காக அவன் உதடுகளையே பார்த்தபடி கேட்டாள்:

"அந்தக் கட்டி வலிக்குமா, வாப்பா?"