கொஞ்சூண்டு

“உறுமி கேக்கவே இல்ல பாய். கொஞ்சூண்டு கூட்டுங்க.”

பாட்டுக்கு உறுமி வாசித்த விஜயபாண்டி, சேத்தூரிலிருந்து பைக்கில் வந்து உட்கார்ந்து, பதினோராவது முறையாக இதைச் சொன்னார்.

ராஜபாளையத்தில் வீட்டறையிலேயே பாட்டுகளை மிக்ஸ் செய்து கொடுக்கும் ஹுமாயூன் பல்லைக் கடித்தான். “இதுக்கு மேல கூட்டுனா பாடுற புள்ள குரல் அமுங்கிரும்ணே.”

“கொஞ்சூண்டுதான் பாய்!”

ஹுமாயூன் மிக்ஸரின் ஓரத்திலிருந்த, சத்தம் கூட்டும் ஃபேடரை மேலே தள்ளிவிட்டு, மறுபடி பாட்டைப் போட்டான்.

விஜயபாண்டியின் முகம் மலர்ந்தது. “இப்பத்தான் கும்முனு இருக்கு!”

அவர் போனதும் மனைவி சப்ரீன் சோறு போட்டாள். “ஒருவழியா கூட்டிட்டீங்களா மச்சான்?”

“எங்க கூட்டுனேன்? அந்த ஃபேடர்ல எதுவுமே மாட்டல. சும்மா தள்ளுனேன். எல்லாருக்கும் காது இருக்கு, கேக்கத்தான் தெரியல!” மீன் ஆணத்தைச் சோற்றில் பிசைந்து வாயில் வைத்தவன் முகம் சுளித்தான். “என்னைக்குத்தான் உப்பு சரியாப் போடுவ? கொஞ்சூண்டு போட்டுக் கொண்டா.”

சப்ரீன் ஆணத்தை அடுப்படிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து ஊற்றினாள்.

“இப்பத்தான் சரியா இருக்கு!”

“உப்ப நான் தொடவே இல்ல மச்சான். கரண்டியால சும்மா கிண்டுனேன்” என்றாள் சப்ரீன். “கல்யாணமான நாள்ல இருந்து இப்படித்தான்.”