இறங்காத படி

முழங்கால் வலி காலையிலேயே உயிரை வாங்கியது. ஆனாலும் அவள் ஏறிக்கொண்டிருந்தாள். அந்த ஏணித் தொழிற்சாலையில் தாத்தா வைத்த விதி அது. வெளியே போகும் ஒவ்வொரு ஏணியிலும் முதலாளிதான் முதலில் ஏற வேண்டும். உச்சியில் நின்று, "ஏறுறவங்க பத்திரமா இறங்கணும், கடவுளே" என்று வேண்டிக்கொள்ள வேண்டும். தாத்தாவும் அப்பாவும் ஏறினார்கள். இப்போது முதலாளி அவள்.

"மெஷின்ல எடை தொங்கவிட்டுப் பாத்தாச்சுக்கா. லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான். இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்," என்றான் தம்பி.

"நான் ஏறாத ஏணில ஊரான் பிள்ளை ஏறணுமா? போய் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு."

கடைசி ஏணிக்குப் பத்துப் படி. எண்ணிக்கொண்டே ஏறியவள் பதினொன்றில் போய் நின்றாள். தடுமாறாமல் கூரையின் இரும்பு உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வேண்டினாள். எண்ணிக்கொண்டே இறங்கினாள். பத்து என்றபோது கால் தரையில் இருந்தது.

தம்பி படிகளைத் தொட்டு எண்ணினான். "பத்துதான்க்கா. வலியில தப்பா எண்ணியிருப்ப."

"வலி காலுக்குத்தான்டா, கணக்குக்கு இல்ல."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். உத்திரத்தின் துரு அப்பியிருந்தது. பத்துப் படி ஏணியில் நின்று யாருக்கும் எட்டாத உத்திரம் அது.

அந்த ஒரு ஏணியை மட்டும் அவள் லாரியில் ஏற்ற விடவில்லை. தினமும் முதல் வேலையாக அதில் ஏறுகிறாள். பத்து ஏறுகிறாள், பத்து இறங்குகிறாள்.

அன்றைக்கு இறங்க வேண்டிய ஒரு படி இன்னும் கடனாக நிற்கிறது.